கிட்டங்கி ரோட்டுப் பள்ளம்

விடிந்தும் விடியாத நேரத்தில் பருத்தி மூட்டைகள் சேமிக்கும் கிட்டங்கி ரோட்டில் வந்த பால் வேன்காரன்தான் முதலில் பார்த்தான். சிறுபாலம் கட்டுவதற்காகத் தோண்டிய பள்ளத்துக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில், உடைத்துப் போட்டிருந்த பழைய பாலத்துக் கருங்கல் பலகைமேல் தலை சாய்ந்து, சாலை ஆய்வாளர் மாரிக்கண்ணன் கிடந்தார். உயிர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

ஆறு மணிக்கு ஜஸீமாவுக்குப் போன் வந்தது. அந்த ரோட்டு வேலைக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர் அவள். சங்கரன்கோவிலுக்கு மாற்றலாகி வந்து இன்னும் ஊர்த் தெருக்கள்கூடச் சரியாகப் பிடிபடவில்லை. புருஷன் சவுதியில், தம்மாமில். பெற்றவள் கடையநல்லூரில். ஆறு வயது மகள் பாஜிலாவோடு வாடகை வீட்டில் இருந்தாள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை வீட்டுக்காரம்மா ஷம்சாத் பேகத்திடம் ஒப்படைத்துவிட்டு, துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். 

கிட்டங்கி ரோட்டில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. வடக்கே புதிதாக எழும்பியிருந்த மூன்று மாடிக் கடையின் படிக்கட்டில் ஏறி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஜஸீமாவின் மேலதிகாரியான உதவிக் கோட்டப் பொறியாளர் ஆவுடையப்பனின் மைத்துனர் கட்டியது. ரோட்டை அகலப்படுத்துவதற்காகப் போட்ட சிவப்புக் குறி, அந்தக் கடையின் கீழ்ப்படியோடு நல்லபிள்ளையாக நின்றிருந்தது. எதிரே தெற்குச் சாரியில் அதே சிவப்பு, விசைத்தறி ஓடும் சின்ன வீடுகளின் வாசல் அறைகளுக்குள்ளேயே புகுந்திருந்தது.

ஜஸீமாவின் கண் முதலில் தேடியது இரும்புத் தடுப்புகளைத்தான். பள்ளத்துக்குக் கிழக்கேயும் இல்லை, மேற்கேயும் இல்லை. 

நேற்று நடந்ததை அவள் மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். ஊருக்குள் ரோட்டை முழுசாக மறிக்க முடியாது. பாதி அகலத்தைத் தோண்டி, மறுபாதியில் வண்டிகளை விடுவதுதான் துறையின் வழக்கம். முதலில் தெற்குப் பாதி என்று ஆவுடையப்பன் வரைபடத்திலேயே குறித்திருந்தார். ஆனால் நேற்று மதியம் ஜேசிபி தெற்கே இரண்டு கொத்துக் கொத்தியதுமே குடிநீர்க் குழாய் தட்டுப்பட்டது. ஆடித் தபசுத் திருவிழா நெருங்கும் நேரத்தில் ஊருக்குத் தண்ணீர் நின்றால் யார் தலை உருளும் என்று சொல்லத் தேவையில்லை. கொத்தியதை மூடிவிட்டு வடக்குப் பாதியைத் தோண்டச் சொன்னாள். ஆவுடையப்பன் தென்காசியில் கூட்டத்தில் இருந்தார். போன் அணைந்திருந்தது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். ஒப்பந்தக்காரர் ஹபீப் முகம்மதிடமும், சாரிடம் நானே காலையில் சொல்லிக்கொள்கிறேன் என்று சொன்னாள். இருட்டுகிற நேரத்தில், ஒவ்வொரு முனையிலும் இரும்புத் தடுப்பு வைத்து, அதன் காலில் மணல் மூட்டை போட்டு, சிவப்பு நாடா கட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். நின்றாளா? நின்றாள். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இப்போது வெறும் பள்ளத்தைப் பார்க்கும்போது, ஒருவேளை வேறு ஏதோ வேலையில் நின்ற ஞாபகத்தை நேற்றாக நினைக்கிறோமோ என்று தோன்றியது. பயம் மனுஷியை அப்படியும் குழப்பும்.

ஆவுடையப்பனுக்குப் போன் போட்டாள். மாரிக்கண்ணன் அண்ணன் பாலப் பள்ளத்துல விழுந்து இறந்து கெடக்காங்க சார் என்று சொன்னாள். 

"தடுப்பு இருந்துச்சா?" என்று கேட்டார்.

"காணல சார்."

"சரி, பதறாத. வண்டிகள தெக்குப் பக்கமா ஒதுக்கி விடச் சொல்லு. பள்ளத்துகிட்ட ஒருத்தரையும் விடாத. நான் தென்காசியிலருந்து கெளம்பி வாரேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பெரிய அதிகாரி என்றால் இப்படி அல்லவா நிதானமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் மூக்காண்டி வந்து சேர்ந்தார். அவர் எதைக் கேட்டாலும் பதில் வந்தபிறகு ஒரு தடவை மூக்கைத் தடவிவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போவார். ஊரில் அதைப் பற்றிக் கேலி உண்டு, அவர் காதில் விழாத தூரத்தில்.

"தடுப்பு வச்சது யாரு?"

"நாந்தான் சார் நின்னு வைக்கச் சொன்னேன்."

"இப்பம் எங்க?"

"தெரியல சார்."

"போட்டோ எடுத்திருப்பீங்களே?"

"நேத்து போன்ல சார்ஜ் இல்ல சார்."

மூக்கைத் தடவினார்.  பக்கத்தில் நின்ற ஏட்டுதான், ஆள் செத்திருக்கான், அலட்சியத்தால் மரணம்னு எழுதினா முதல் பேரு உங்க பேருதாம்மா என்று காதருகே சொல்லிவிட்டுப் போனார். ஜஸீமாவுக்குப் பாஜிலாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் இன்றைக்கு ராத்திரி பிள்ளை யாரிடம் தூங்கும்?

பால் வேன்காரன் சொன்னதை மூக்காண்டி இரண்டு தடவை கேட்டார். அவன் கிழக்கிலிருந்து வந்திருக்கிறான். அரை இருட்டு, காலி ரோடு என்று நடுவிலேயே ஓட்டி வந்திருக்கிறான். ரோட்டோரம் சும்மா கிடக்கும் வெள்ளையடித்த பழைய ஓரக்கற்கள், வழக்கத்துக்கு மாறாக ரோட்டுக்குள் வரிசையாக இருந்திருக்கின்றன. வெகு முன்னாலேயே ஓரத்தில் தொடங்கி, கொஞ்சங்கொஞ்சமாகச் சரிந்து ரோட்டின் நடுவுக்கு வந்திருக்கின்றன. ஒதுங்கிப் போ என்று யாரோ கையைப் பிடித்து இழுப்பதுபோல இருந்ததாம். ஒதுங்கினான், பிழைத்தான். ஆம்புலன்ஸ் வருவதற்காக அந்தக் கற்களைக் கூட்டம் ஓரமாகப் புரட்டிப் போட்டிருந்தது. மாரிக்கண்ணன் அண்ணன்தான் வைத்திருப்பார், பாவம், கடைசிவரை ரோட்டு நினைப்பாகவே இருந்திருக்கிறார் என்று ஜஸீமா நினைத்தாள். அவளுக்குக் கண் கலங்கியது.

பத்து மணிக்குள் உடலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்விட்டார்கள். காணாமல் போன தடுப்புகள், கிட்டங்கிக்குப் பின்னால் கருவேல முள்ளுக்குள் கிடந்தன. பழைய இரும்புக்காக எவனோ திருடி, தூக்க முடியாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று கூட்டம் தீர்ப்பு எழுதியது. ஜஸீமா வைக்கவே இல்லை, காலையில் கொண்டுவந்து போட்டிருக்கிறாள் என்று வேறு சிலர் எழுதினார்கள். தடுப்பின் காலில் இருந்த மணல் மூட்டைகள் மட்டும் கிட்டங்கிச் சுவரோரம் ஒன்றின்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கியிருந்தன.

மூக்காண்டி கிட்டங்கி வராந்தாவில் நாற்காலி போட்டு ஒவ்வொருவராக விசாரித்தார். முதலில் தெற்குச் சாரி மாரித்தாய். போன வாரம் சிவப்புக் குறி போட வந்த மாரிக்கண்ணன்மேல் ஒரு வாளிக் கஞ்சித் தண்ணீரை ஊற்றியவள். அவள் மறைக்கவில்லை. தறி ஓடுத அறையில பாதி போகுது, வேற என்னத்த ஊத்துவேன் என்றாள். ராத்திரி எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு, தறியை விட்டுவிட்டு எங்கே போவேன், சத்தம் தெருவுக்கே கேட்டிருக்குமே என்றாள். கேட்டது என்று தெருவும் சொன்னது.

அடுத்து ஹபீப் முகம்மது. ஜல்லி சரியில்லை என்று மாரிக்கண்ணன் ஒரு லோடைத் திருப்பி அனுப்பியதில் இருவருக்கும் ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. ஆனால் நேற்றிரவு அவர் கடையநல்லூரில் தங்கச்சி மகள் கல்யாண வீட்டில் விடிய விடிய இருந்திருக்கிறார். வேலையாட்கள் எல்லோரும் அங்கேதான் பந்தியில் இருந்தார்கள். ஜமாஅத்தே சாட்சி.

அப்போதுதான் ஆவுடையப்பன் கார் வந்து நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே மெதுவாக இறங்கினார். காரோட்டி வந்த களைப்பு என்று தோன்றியது. நேரே ஜஸீமாவிடம் வந்து, பயப்படாதே, நான் இருக்கிறேன் என்றார். மூக்காண்டி அவரிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"நேத்து மத்தியானத்துக்கு மேல சைட்டு ஆளுங்க யார்கூடயாவது பேசினீங்களா சார்?"

"இல்ல. மீட்டிங்குல போன ஆஃப் பண்ணிட்டேன். அப்புறம் வீட்டுக்குப் போயிட்டேன்."

"மாரிக்கண்ணன் வந்து பாத்தாரா?"

"நேத்து அவன் மூஞ்சியவே பாக்கல. பாவம், நல்ல வேலக்காரன்."

மூக்கைத் தடவிக்கொண்டு மூக்காண்டி எழுந்துவிட்டார்.

ஆவுடையப்பன் ஜஸீமாவைத் தனியே அழைத்துப்போனார். தடுப்பு வைக்க மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துவிடு, துறை விசாரணையோடு போய்விடும், மேலே நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வைத்தேன் வைத்தேன் என்று சாதித்தால்தான் போலீஸ் கேஸாகும், சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு அலைய முடியுமா என்று கேட்டார். பிறகு திரும்பி வந்து எல்லோரும் கேட்க, பாலம் தபசுக்கு அப்புறம் இருக்கட்டும், இன்றைக்கே பள்ளத்தை மூடிவிடலாம், இன்னொரு உயிர் போகக் கூடாது என்றார். தோண்டின பள்ளத்தை மூடவா என்று ஹபீப் முகம்மது முணுமுணுத்தது அவர் காதில் ஏறவில்லை. எல்லாம் அக்கறையாகத்தான் இருந்தது. எழுதிக் கொடுத்துவிடலாமா என்று ஜஸீமா ஒரு கணம் நினைத்ததும் உண்மை.

அவளை எழுதவிடாமல் தடுத்தது மூக்காண்டிதான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவர், ஜீப்பருகே அவளை நிறுத்தினார்.

"மாரிக்கண்ணன் வண்டிச் சாவி எங்க இருந்துச்சு தெரியுமா? அவரு சட்டப் பையில. சாவியப் பையில போட்டுக்கிட்டு யாராவது வண்டி ஓட்டிப் பள்ளத்துல விழுவாங்களா?"

அவளுக்கு உடனே விளங்கவில்லை.

"வண்டிய நிறுத்தி எறங்கிருக்காரு. அப்புறம் ஆள ஒருத்தன் தள்ளி விட்டுருக்கான். வண்டியயும் உருட்டி உள்ள போட்டுருக்கான். தடுப்ப எடுத்தது அலட்சியம்னு காட்டுறதுக்கு. இத யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

தன் தப்பில்லை என்ற நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. அப்படியென்றால் கொன்றவன் ஒருவன் இருக்கிறான், இந்த ஊரிலேயே, ஒருவேளை இந்தக் கூட்டத்திலேயே. 

"கடைசியா உங்ககிட்ட என்ன பேசினாரு?"

அவள் யோசித்துச் சொன்னாள். நேற்று இருட்டும் நேரம் மாரிக்கண்ணன் பள்ளத்துக்குள்ளிருந்து ஏறி வந்து, காலையில் வெளிச்சத்தில் ஒரு தடவை கீழே இறங்கிப் பாருங்கள் மேடம், ஒரு விஷயம் இருக்கிறது, பெரிய சாரிடமும் சொல்லவேண்டும் என்றார். பிள்ளையைக் கூப்பிடப் போகிற அவசரத்தில் அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"அப்பம் போய்ப் பாருங்க. எனக்கு மண்ணுதான் தெரியும். உங்களுக்கு வேற ஏதாவது தெரியலாம்" என்று சொல்லிவிட்டு மூக்காண்டி ஜீப்பில் ஏறிப் போனார்.

மதியம் கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்திருந்தது. மூங்கில் ஏணி வழியாக ஜஸீமா பள்ளத்துக்குள் இறங்கினாள். ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு ஆழம். கருங்கல் பலகையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல், உதட்டுக்குள் ஓதிக்கொண்டே கிழக்குச் சுவரைப் பார்த்தாள்.

ரோடு ஒரே நாளில் போட்டதல்ல. எத்தனையோ வருஷமாகத் தார்மேல் தார் போட்டு வந்திருக்கிறார்கள். வெட்டிய சுவரில் கறுப்பும் பழுப்புமாக அந்த அடுக்குகள் வரிவரியாகத் தெரிந்தன. எந்த ரோடும் மழைத்தண்ணீர் வடிவதற்காக நடுவில் மேடாகவும் இரண்டு ஓரத்துக்கும் சரிவாகவும் இருக்கும். பள்ளத்தின் தெற்கு விளிம்பில்தான் மஞ்சள் பெயிண்டில் புது நடுக்கோடு போட்டிருந்தது. அதுதான் நடு என்றால், அடுக்குகள் அங்கே உச்சத்தில் இருந்து வடக்கே இறங்கிக்கொண்டே வரவேண்டும்.

இறங்கவில்லை. தெற்கு விளிம்பிலிருந்து வடக்கே ஏறின. ஏறி, ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்கு அப்பால் முதுகு வளைந்து, அதற்குப் பிறகுதான் இறங்கின. மேற்குச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அங்கேயும் அப்படியே இருந்தது. பழைய ரோட்டின் உண்மையான நடு பள்ளத்துக்குள் இருந்தது. மேலே மஞ்சள் கோடு தெற்கே தள்ளிப் போயிருந்தது.

நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக அளந்துதான் ரோட்டை அகலப்படுத்துவார்கள். கோட்டைத் தெற்கே நகர்த்தினால் தெற்கு வீடுகள் கூடுதலாக இடிபடும். வடக்கே மூன்று மாடிக் கடை ஒரு படியும் உடையாமல் தப்பிக்கும். அந்தக் கோட்டை வெயிலில் நின்று தானே போட்டவர் என்று அலுவலகத்தில் எல்லோரும் மெச்சிய ஆள் யார் என்பது ஜஸீமாவுக்குத் தெரியும். தெற்குப் பாதியை முதலில் தோண்டு என்று குறித்தவரும் அவர்தான். தெற்கே தோண்டியிருந்தால் இந்த வளைந்த முதுகு யார் கண்ணிலும் பட்டிருக்காது. வீடுகளை இடித்து முடித்த பிறகு வடக்கே எது தெரிந்தால் என்ன?

காலையில் போனில் கேட்ட குரல் அப்போதுதான் அவளுக்குத் திரும்பக் கேட்டது. வண்டிகளைத் தெற்குப் பக்கமாக விடு. அவர் வரைபடத்தின்படி தெற்கே அல்லவா பள்ளம் இருக்கவேண்டும்? தோண்டியது வடக்கே என்று அவருக்கு யார் சொன்னது?

"அங்கன என்னம்மா பாக்குத?"

நிமிர்ந்தாள். ஏணியின் தலைமாட்டில் ஆவுடையப்பன் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஜேசிபி, கரண்டி நிறைய மண்ணோடு உறுமிக்கொண்டிருந்தது. அதன் டிரைவரைத் தவிர சுற்றிலும் வேறு ஒருவரும் இல்லை. ஒரு கையசைவு போதும் என்று அவளுக்குத் தோன்றியது. யா அல்லாஹ், என் பிள்ளை.

"அண்ணன் செல்போன் கெடக்கான்னு பாத்தேன் சார்." 

"கெடச்சுதா?"

"இல்ல சார்."

அவர் கிழக்குச் சுவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ஏறி வா. மண்ணு சரிஞ்சிரும்" என்று சொல்லிக் கையை நீட்டினார்.

ஏணியில் ஏறி அந்தக் கையைப் பிடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பிடித்தாள். பேனாவைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாத கை அது. உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து, பச்சைப் புண்ணாக இருந்தது. அவள் எதையும் பார்க்காதவள்போல மேலே வந்து நின்றாள். மூடச் சொல்லிரட்டுமா என்று அவர் கேட்டார். ஜேசிபி முன்னால் நகர்ந்தது.

மண் விழுந்துவிட்டால் எல்லாம் போயிற்று. அவளுக்கு ஓடவேண்டும்போல இருந்தது. ஆனால் ஓடினால் ஜேசிபியை நிறுத்த ஆள் இல்லை. அதனால் பள்ளத்து விளிம்பிலேயே, ஜேசிபிக்கு நேர் எதிரே, பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். தலை சுற்றுகிறது சார் என்றாள். டிரைவர் வண்டியை நிறுத்தினான். ஆவுடையப்பன் எழுந்திரு எழுந்திரு என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவள் தலை குனிந்தபடி துப்பட்டாவுக்குள் போனை வைத்து மூக்காண்டிக்கு மூன்றே சொல் அனுப்பினாள்: சீக்கிரம் வாங்க சார். எதிர்வீட்டிலிருந்து மாரித்தாய் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு அவளும் எழுந்திருக்கவில்லை.

மூன்று மணி வாக்கில் ஜீப் வந்தது. ஜஸீமா மூக்காண்டியிடம் சொல்லவேண்டியதைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். அவர் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் மூக்கைத் தடவினார். பிறகு ஆவுடையப்பனிடம் வந்தார்.

"சார், எனக்குக் காலையிலருந்தே ஒரு விஷயம் இடிச்சுது. கிழக்க கல்லு வச்சது யாரு?"

"மாரிக்கண்ணனா இருக்கும்."

"கல்லு வைக்கத் தெரிஞ்சவருக்குப் பள்ளம் இருக்கது தெரியாதா? தெரிஞ்சா, எப்பிடி விழுவாரு?"

"வழிப்போக்கன் எவனாவது வச்சிருப்பான்."

"வழிப்போக்கன்னா பள்ளத்து வாயில ஒரு மரக்கொப்ப ஒடிச்சு நட்டுட்டுப் போவான். இது வெகு முன்னாலயே ஆரம்பிச்சுச் சரிவா வந்திருக்கு. வண்டி வேகத்தக் கொறச்சு ஒதுங்க எடம் வேணும்னு தெரிஞ்ச கை. ஒப்பந்தக்காரர் ஆளுங்க பூரா கடையநல்லூர்ல. இந்தம்மா ஒத்தையில அந்தக் கல்ல அசைக்கக்கூட முடியாது. செத்தவரு போக, துறையில இந்த ரோட்டுக்கு மிச்சம் யாரு?"

ஆவுடையப்பன் கிட்டங்கிச் சுவர்ப் பக்கம் பார்த்தார்.

"கொன்னவனேதான் கல்லையும் வச்சிருக்கான் சார். அலட்சியம்னு காட்டத் தடுப்ப எடுத்துட்டான். ஆனா பள்ளத்தத் தெறந்து போட்டுட்டுப் போக மனசு கேக்கல. இத்தன வருச சர்வீசு. மணல் மூட்டையக் கூட ஒழுங்கா அடுக்கிருக்கான். எனக்கு ஆளு இன்னாருன்னு தோணிச்சு, ஆனா பிடி கெடைக்கல. பிடிய இந்தம்மா குடுத்துட்டாங்க."

ஜஸீமா எழுந்து நின்றாள். அவரை நேராகப் பார்க்க முடியவில்லை. அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசினாள்.

"காலைல வண்டிகள தெக்க விடச் சொன்னீங்க சார். பிளான்படி தெக்கதான் பள்ளம். குழாய் வந்து வடக்க மாத்தினத நான் உங்ககிட்ட சொல்லல. மத்தியானத்துக்கு மேல யார்கிட்டயும் பேசலன்னு நீங்களே சொன்னீங்க. பாக்காம எப்பிடி சார் தெரியும்?"

தெருவில் தறிச் சத்தம்கூட நின்றிருந்தது. ஆவுடையப்பன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இல்லை என்று சாதிப்பார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"காலைல ஸ்கூல் வேன் வரும்லா" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் அவரே சொன்னார். கூட்டம் முடிந்து ராத்திரி அலுவலகத்துக்கு வந்தபோது மாரிக்கண்ணன் ஒருவர் மட்டும் அங்கே காத்திருந்தார். கோடு மாறிக் கிடக்கிறது என்றார். வா, பார்ப்போம் என்று பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாராம்.

"சந்தோசமா வந்தான். சார், நல்லவேள வீடுகள இடிக்கதுக்கு முன்னால கண்டுபிடிச்சோம், திருத்திருவோம்னான். எங்கயோ தப்பு நடந்துபோச்சுன்னுதான் நெனச்சான். நாந்தான்னு அவனுக்குத் தோணவே இல்ல. குனிஞ்சு செல்போன் வெளிச்சத்துல எனக்குக் காட்டிக்கிட்டிருந்தான்."

மாரித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கஞ்சித் தண்ணீரை ஊற்றியது தன் வீட்டைக் காப்பாற்றப் பார்த்த மனிதன்மேல் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும்.

ஜீப்பில் ஏறும் முன் ஆவுடையப்பன் ஒரு நிமிஷம் நின்று ஜஸீமாவைத் திரும்பிப் பார்த்தார். தினமும் வேலை சொல்லுகிற அதே குரலில் சொன்னார்.

"மேற்குப் பக்கம் கல்லு வைக்கல. அதுக்குள்ள இடுப்பு பிடிச்சுக்கிட்டுது. இருட்டுறதுக்குள்ள ரெண்டு பக்கமும் தடுப்பு வச்சிரு."

"சரி சார்" என்றாள்.

சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ஜீப் போய்விட்டது.  மேற்கே பார்த்தாள். அங்கே ஒரு சின்னக் கல்கூட இல்லை. அது அவள் வீட்டிலிருந்து வரும் வழி. பாஜிலாவை ஸ்கூட்டியில் முன்னால் நிறுத்திக்கொண்டு காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்கு வரும் வழி. தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வளைவு திரும்பி வந்துகொண்டிருந்தது. தடுப்புகளைத் தூக்கி வாங்க என்று ஹபீப் முகம்மதின் ஆட்களைப் பார்த்துக் கத்திவிட்டு, அவள் மேற்கே ஓடினாள். அவர்கள் வந்து சேரும்வரை, ரோட்டின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.